பெரிய கம்பளியும் சின்ன ஷாம்பூவும்

நான் செய்யும் வேலையை என் வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. அல் ஐனில் ஒரு சூப்பர்மார்க்கெட் குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன் என்று சொன்னால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் சின்னம்மா "கெஷியரோ பிள்ளை?" என்று கேட்பார். என் மகனைக் கேட்டால், "அம்மா வெங்காயம் எண்ணுறா" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவன் சொல்வதில் பாதி உண்மை.

எங்கள் கடைகளில் பில் போடப்படும் ஒவ்வொரு கூடையும் என் கணினிக்கு வரும். எந்தப் பொருள் எந்தப் பொருளோடு சேர்ந்து வருகிறது என்று தேடுவதுதான் தொழில். இதை வாங்கியவர் அதையும் வாங்குவார் என்று விதிகள் எழுத வேண்டும். பாணோடு முட்டை போகும் என்று கண்டுபிடிக்க என்னைப் போல ஒருத்தி தேவையில்லை. யாரும் நினைத்துப் பார்க்காத சேர்க்கைகள் கிடைத்தால்தான் மேலாளர் தலையை உயர்த்திப் பார்ப்பார்.

ஒரு விதியை இரண்டு விதமாக எடை போடுவோம். முதலாவது, அந்தச் சேர்க்கை மொத்தக் கூடைகளில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது. அதற்கு ஒரு கீழெல்லை வைத்திருப்போம். அதற்குக் கீழே கிடப்பதை எண்ணவே மாட்டோம். இரண்டு பொருள் சேர்ந்து வருவதே அரிது என்றால், அவற்றோடு மூன்றாவதும் சேர்ந்து அடிக்கடி வர வழியில்லை. ஆகவே அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கத் தேவையில்லை. இப்படி வெட்டிக்கொண்டே போனால்தான் கணக்கில்லாத சேர்க்கைகளைக் கணினி ஒருவழியாகத் தின்று முடிக்கும். இரண்டாவது, முதல் பொருளை வாங்கியவர்களில் எத்தனை வீதம் பேர் மற்றதையும் வாங்கினார்கள் என்பது. அதற்கு கான்ஃபிடென்ஸ் என்று பெயர். என் மனதுக்குள் நான் அதை நம்பிக்கை என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஏன் அப்படி நடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஏன் என்று கேட்க எனக்குச் சம்பளமும் இல்லை.

எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு குடும்பம். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் தமிழ்நாடு. மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவர்களுக்கு ஒரு சின்னப் பையன். அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு பெண் இருந்தார். ஹற்றன் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவர் என்னை அக்கா என்பார், நானும் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. பையனை அவர் தம்பி என்பார். வீட்டுக்காரியை மேடம் என்பதால் நானும் இங்கே மேடம் என்றே சொல்கிறேன்.

அக்காவிடம் பாயிண்ட் சேர்க்கும் கடை கார்டு இல்லை. கார்டு எடுக்க எமிரேட்ஸ் ஐடி கேட்பார்கள். அவருடைய ஐடி மேடத்தின் கைப்பையில் இருந்தது. ஒருநாள் நான் அவருக்குப் பின்னால் கியூவில் நின்றேன். கெஷியர் கார்டுக்குரிய கைபேசி நம்பரை "நம்பர் போலோ" என்று கேட்க, அக்கா "மாஃபி நம்பர்", இல்லை, என்று கையை விரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பாயிண்ட் வீணாகிறதே என்ற பரபரப்பு எனக்கு எப்போதும் உண்டு.

"என்ர நம்பரைச் சொல்லுங்கோ அக்கா. ஆற்ற நம்பரெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றேன்.

அன்றிலிருந்து அவர் தன் சொந்தச் சாமான் வாங்கும்போதெல்லாம் என் நம்பரைச் சொன்னார். இந்த நாட்டில் இது சர்வசாதாரணம். ஒரு ரூமில் உள்ள எல்லோரும் ஒருவருடைய நம்பரைச் சொல்வார்கள். ஊருக்குப் போய்விட்டவரின் நம்பரை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஒரு நம்பருக்கு ஒரு மனிதர் என்று நம்பக் கூடாது என்று அலுவலகத்தில் முதலில் எழுதிக் கொடுத்தவளே நான்தான். அளவுக்கு மிஞ்சிக் கூடை வரும் ரூம் நம்பர்களை எல்லாம் தேடிப் பிடித்து ஒதுக்கி வைத்தேன். என் நம்பரை ஒதுக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் மேலாளர் ஊருக்குப் பெட்டி அனுப்பும் ஒரு கார்கோ கம்பெனியோடு பேசி முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். ஊருக்குத் திரும்பப் போகிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். அவர்களுக்கு ஒரு மெசேஜ் போனால் பெட்டி கார்கோவுக்கு வரும். எங்கள் கடைக்கும் கடைசி வியாபாரம் கிடைக்கும். முடியும் என்றேன். முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதை ஒரு நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஊருக்குப் போவதில் இரண்டு வகை. ஒன்று லீவு. மற்றது கேன்சல், அதாவது விசாவை ரத்துச் செய்துகொண்டு ஒரேயடியாகப் போவது. லீவுக்காரர் நிறைய, கேன்சல்காரர் கொஞ்சம். வழக்கமான கீழெல்லையை வைத்துத் தேடினால் லீவுப் பெட்டிதான் வந்தது: சொக்லேட், பால்மா, ஜூஸ் பவுடர், வாசனை ஸ்பிரே. கேன்சல்காரர் எல்லைக்குக் கீழே அமிழ்ந்து போனார்கள். நான் எல்லையைத் தாழ்த்தினேன். குப்பை குப்பையாக விதிகள் கொட்டின. அவற்றைக் கிளறிக்கொண்டே இருந்தபோதுதான் அது கிடைத்தது.

ஒரேயடியாகப் போகிறவர்கள் சொக்லேட்டை விட வீட்டுச் சாமான்தான் வாங்குகிறார்கள். ரைஸ் குக்கர், தடித்த கம்பளி, பெட்டி ஒட்டும் அகல டேப். அதே வாரங்களில் அவர்களுடைய ஷாம்பூ சின்னதாகிவிடுகிறது. சவர்க்காரத்தூளும் பற்பசையும் ஆகச் சின்ன அளவுக்கு இறங்கிவிடுகின்றன. பெரியதை வாங்கினால் முடிக்க முடியாதே! ஊருக்குப் பெரியது, இங்கே தனக்குச் சின்னது. இந்தச் சேர்க்கைக்குப் பிறகு பெரும்பாலும் அந்த நம்பரில் கூடையே வருவதில்லை. நம்பிக்கை நன்றாக உயர்ந்து நின்றது. எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்து போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். உண்மையாகவே அழகாக இருந்தது.

மெசேஜைப் பல மொழிகளில் அனுப்பினார்கள். தமிழில் எழுதியது நான். 'ஒரேயடியாக ஊர் திரும்புகிறீர்களா? உங்கள் பெட்டிக்கு எங்களிடம் சலுகை உண்டு' என்று எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கக் கூடாது என்று இரண்டு முறை வாசித்துப் பார்த்துக் கொடுத்தேன்.

அந்த மெசேஜ் என் கைபேசிக்கு வந்தபோது நான் லிஃப்டில் நின்றேன். பக்கத்தில் மேடம், கிளினிக் உடுப்போடு. வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாருங்கோவன், என்ர மெஷின் என்னையே மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புது!"

"ஐயையோ, நீங்க ஊருக்கே போறீங்களா அக்கா? சொல்லவே இல்ல?"

"சீச்சீ, நான் எங்க போறது! உங்கட வீட்டு அக்காவும் என்ர நம்பரிலதான் சாமான் வாங்கிறவ. அவ வாற மாசம் லீவில போறா தானே, அதான்."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் வேலையைப் பற்றி ஒரு மனுஷி ஆவலோடு முகத்தைப் பார்த்துக் கேட்பது எனக்கு எப்போதாவது கிடைக்கும் பாக்கியம். வீட்டில் நான் வெங்காயம் எண்ணுகிறவள்.

"ஆனா லீவுக்குப் போற ஆக்களுக்கு இது வராது. அதுதான் இதில விசேஷம். லீவுக்காரர் சொக்லேட் வாங்குவினம். கேன்சலில போற ஆக்கள்தான் கம்பளி, குக்கர் எண்டு வாங்குவினம். அதோட தங்களுக்கு வாங்கிற ஷாம்பூவைச் சின்னனாக்கிப்போடுவினம். அதை வச்சுத்தான் பிடிக்கிறது."

பாதி சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கம்பளி வாங்கியது நானில்லை. என் குளியலறையில் நிற்பது பெரிய ஷாம்பூ. ஆனால் அக்காவின் கம்பளியும் சின்ன ஷாம்பூவும் என் நம்பரில் விழுந்திருந்தால் விதிக்கு அது போதும். அக்கா லீவுக்குப் போகவில்லை. திரும்பி வராமல் போகிறார். மேடத்துக்கு அது தெரியாது. இவ்வளவும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் மட்டும் ஷாம்பூவைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நின்றது. இன்று வரை என்னால் செரிக்க முடியாதது இதுதான். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல வழியில்லை. பாதி தெரியாமல் சொன்னேன், மீதியைத் தெரிந்துதான் சொன்னேன்.

"ஓஹோ" என்றார் மேடம். லிஃப்ட் கதவு திறந்தது. அவர் தன் சாவியைத் தேடிக்கொண்டே நடந்தார்.

அடுத்த கிழமை அக்காவை மாடிப்படிக்குப் பக்கத்தில் கண்டேன். குப்பைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போட மறந்தவர் போல நின்றார். என்ன விஷயம் என்று கேட்டேன். கேட்காமல் போயிருக்கலாம்.

"லீவு இப்ப இல்லையாம் அக்கா. தம்பி ஸ்கூல் சேர்ந்து பழகட்டுமாம். பெருநாள் கழியட்டுமாம். டிக்கெட்டை மாத்திட்டாங்க."

"ஏனாம்?"

"நான் வரமாட்டேன்னு மேடத்துக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்கு எல்லாம் தெரியும்னு மட்டும் சொன்னாங்க. ஏசலக்கா. அழுதாங்க. அவங்க அழுதா எனக்கு ஒண்ணும் பேச வராது. போன ரெண்டு தடவையும் இப்படித்தான் அழுதாங்க, நானும் நின்னுட்டேன். அதுக்காகத்தான் இந்தவாட்டி சொல்லாம போயிரலாம்னு பாத்தேன்."

பிறகுதான் தன் மகளைப் பற்றிச் சொன்னார். பிள்ளைக்கு ஏஜென்சிக்காரர் எடுக்கும் வயது வந்துவிட்டது. தோட்டத்தில் அவளுடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக வெளிநாடு போகிறார்கள். அவளும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். போனில் சொன்னால் கேட்கமாட்டாள். நீ போனாய்தானே, நான் போனால் என்ன என்று கேட்கிறாள்.

"நான் நேரா போயி அவ முன்னாடி நிக்கணும் அக்கா. வந்துட்டேன், இனி போகமாட்டேன், நீயும் போகாதேன்னு சொல்லணும். நான் இங்கன உக்காந்துக்கிட்டு போகாதேன்னு சொன்னா யாரு கேப்பா? அவ கையெழுத்து வைக்கிறதுக்குள்ள போயிறணும்னுதான் இவ்வளவு அவசரம்."

குளிர் ஊருக்கு அந்தக் கம்பளி. மகளோடு சேர்ந்து இருக்கப் போகும் வீட்டுக்கு அந்தக் குக்கர். ஏன் என்ற கேள்விக்குப் பதில் அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது, கேட்காமலே.

"ஆரு மேடத்துக்குச் சொன்னது?" என்று கேட்டேன். எவ்வளவு துணிச்சல் எனக்கு! அவருக்கு என் மேல் சந்தேகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"வேற யாரு? மூணாம் மாடியில வேல செய்யிற மட்டக்களப்புக்காரி. அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன். வேற ஒரு சீவன்கிட்டயும் வாய் தொறக்கல. அவளுக்குத் தெரிஞ்சது, அடுத்து மேடத்துக்குத் தெரியுது. நானென்ன சின்னப் புள்ளையா?"

இதைத்தான் நாள் முழுக்க நானும் செய்கிறேன். ஒன்று நடந்தது, அதோடு இன்னொன்றும் நடந்தது, ஆகவே அதனால்தான் இது. அப்படிச் சொல்லக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பவளும் நான்தான். அந்தப் படிக்கட்டில் என் வகுப்பு எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "அப்பிடியோ" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மட்டக்களப்புப் பெண்ணை எனக்கும் தெரியும். மாலையில் இரண்டு பேரும் கட்டடத்துக்குக் கீழே பிள்ளைகளை விளையாடவிட்டு ஒரே சீமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தலையை மற்றவர் பின்னிவிடுவார். அதற்குப் பிறகு ஒருத்தி கட்டின் இந்த முனையில், மற்றவள் ஊஞ்சலுக்கு அந்தப் பக்கத்தில். மட்டக்களப்புக்காரி இடைக்கிடை திரும்பிப் பார்ப்பாள். தான் என்ன பிழை விட்டோம் என்று அவளுக்கு யார் சொல்வது? நான் காரை நிறுத்திவிட்டு, கைபேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து போவேன்.

மேடத்திடமாவது பேசிப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். அவரும் நல்ல மனுஷிதான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவருடைய மகன் ஒரு கோப்பைச் சோற்றைத் தட்டிவிட்டு அக்காவின் மடியில் ஏறிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஊட்டி முடித்து அக்கா எழுந்து போகும் வரை காத்திருந்தேன்.

"அவங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்குத்தானே" என்று தொடங்கினேன்.

"தெரியுதுக்கா. மனசு கேக்கத்தான் செய்யுது. ஆனா நான் என்ன பண்றது, சொல்லுங்க? இவன் அவங்க கையால மட்டும்தான் சாப்பிடுறான். புதுசா ஆள் கிடைக்கிற வரைக்கும்தான். நல்லவேளை, அன்னிக்கு லிஃப்ட்ல நீங்க சொன்னீங்க. இல்லன்னா நான் நடுத்தெருவுல நின்னுருப்பேன்."

கடைசி இரண்டு வசனங்களையும் அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அக்கா சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன், மேடத்தைப் பார்த்தேன், கொண்டு போன வடையைச் சாப்பிடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அக்கா காதில் விழுந்திருக்குமோ என்ற பயத்தைத் தவிர அப்போது வேறு எந்த உணர்ச்சியும் எனக்குள் இருக்கவில்லை.

அலுவலகத்தில் அந்த விதியை எல்லோரும் பாராட்டினார்கள். நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. என்ன காரணம் சொல்லிக் கேட்பது? ஒதுக்க வேண்டிய நம்பர்களின் வரிசையில் என் நம்பரை மட்டும் சேர்த்தேன். இனி எனக்கு அந்த மெசேஜ் வராது. மற்றவர்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, என்னுடைய பிழையில்லாத தமிழில்.

பெருநாளுக்கு முன்பே அக்காவின் மகள் புறப்பட்டுவிட்டாள். ஓமானில், சோஹாரில், ஒரு வீட்டு வேலைக்கு. அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒருவித வெளிச்சம் இருந்தது. முதலில் நல்ல செய்தி என்றே நினைத்தேன்.

"சோஹார் இங்கருந்து கிட்டத்தானாமே அக்கா? வாட்ச்மேன் சொன்னாரு, கார்ல போனா மத்தியானச் சோத்துக்குள்ள போயிரலாமாம். ஊருல இருந்தப்பகூட எம் புள்ள இவ்வளவு கிட்ட இருந்ததில்ல."

"ஓம், கிட்டத்தான்" என்றேன். நடுவில் எல்லைச் சாவடி இருக்கிறது, இந்தப் பக்கம் இவருக்கு விசா கொடுத்து வைத்திருக்கும் ஒரு கஃபீல், அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு கஃபீல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அவருக்கே அது சொல்லி முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது. முகம் அப்படியே வாடிப்போனது.

"இப்ப மேடம் போகச் சொல்றாங்க. புது ஆள் கெடச்சிருச்சாம். போயி என்ன பண்றது அக்கா? வீட்டுல யாரு இருக்கா? நான் இங்கயே நிக்கிறேன்னு சொல்லிட்டேன், மேடமும் சரின்னுட்டாங்க. கம்பளியை மேடத்துக்கிட்டயே குடுத்துட்டேன், தம்பிக்கு ஏசியில குளிருது."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். சொல்லிவிட்டேன். கடையில் அவர் வாங்கியது, அது என் நம்பரில் விழுந்தது, நான் எழுதிய விதி, எனக்கு வந்த மெசேஜ், லிஃப்டில் என் பெருமைப் பேச்சு, எல்லாவற்றையும். மட்டக்களப்புப் பெண் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொன்னது நான், என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் சில இடங்கள் குழம்பியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் துப்பட்டா நுனியால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அழாதீங்க அக்கா. நான் ஒரு ஷாம்பூ வாங்கினா, ஊருக்குப் போறேன்னு கடைக்கு எப்பிடிக்கா தெரியும்? கடைக்கென்ன கண்ணா இருக்கு?"

"கடைக்கில்லை அக்கா. நான் பாத்தனான். நான்தான் சொன்னனான்."

"நீங்க அப்பிடிச் செய்யிற ஆளில்ல. அவளும் நானும் பேசாம இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கல, பழியை உங்க தலையில போட்டுக்கிட்டு எங்களைச் சேத்து வைக்கப் பாக்குறீங்க. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா?"

நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கணினியைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். எதிர் ஃபிளாட்டில் பையன் அழும் சத்தம் கேட்டது, எழுந்துகொண்டார். கதவடியில் நின்று, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்:

"அவ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் அக்கா. நான் நேத்தே கீழ போயி அவகிட்டப் பேசிட்டேன். நீ சொன்னதை மன்னிச்சிட்டேன்டின்னு சொன்னேன். பாவம், அவ அழுதுட்டா."